பட்டா மாமனார் பெயரில், பாடு மருமகள் தலையில்

கேள்வி: "ஒன்றரை ஏக்கர் மானாவாரி செம்மண் நிலம். பட்டா மாமனார் பெயரில் இருக்கிறது. கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் விவசாயம் முழுக்க என் பொறுப்பு. இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் போய்வந்து, கேழ்வரகுக்கு 15 நாளுக்கு ஒருமுறை ஜீவாமிர்தம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு மேல் முடியவில்லை. ஆள் பலம் இல்லாதவர்களுக்கு இயற்கை விவசாயம் ஒத்துவருமா?"

– வாசகி, பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்.

பதில்: ஒத்துவரும். ஆனால், உரச் செலவு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதற்கு முன்னால், உடம்புப்பாடு எவ்வளவு கூடுகிறது என்று கணக்குப் போட வேண்டும். பயிற்சிகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தக் கணக்குதான்.

ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்றால், ஒன்றரை ஏக்கருக்கு 300 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 20 குடம். பாசனம் உள்ள வயலில் வாய்க்கால் தண்ணீரோடு கலந்துவிட்டால் வேலை முடிந்தது. மானாவாரியில் அத்தனையும் தலைச்சுமை. வீட்டு வேலை, மாடு, பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு 15 நாளுக்கு ஒருமுறை 20 குடம் சுமக்க முடியாமல் போனது அந்தச் சகோதரியின் குறை இல்லை. நிலத்துக்குப் பொருந்தாத முறை அது.

மானாவாரிக்குக் கனஜீவாமிர்தம் நல்லது. நிழலில் உலர்த்திய சாணம் 100 கிலோ, வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி ஆகியவற்றை, பிசையும் பதத்துக்கு மாட்டுக் கோமியம் விட்டுக் கலந்து, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைக்கலாம். கோடையில், வேலை குறைவான நாள்களில் செய்து வைத்துவிட்டு, கடைசி உழவில் தூவினால் போதும். அந்தப் பக்கம் ஆட்டு மந்தை வந்தால் இரண்டு மூன்று இரவு கிடை போடச் சொல்லலாம். எருவைச் சுமக்கும் வேலையே இல்லை.

அடுத்தது களை. மானாவாரியில் பெண்களின் முதுகை ஒடிப்பது இதுதான். கை விதைப்பாகத் தூவினால் குனிந்து குனிந்துதான் எடுக்க வேண்டும். ஒரு அடி இடைவெளியில் வரிசையாக விதைத்தால், நின்றபடியே தள்ளும் சக்கரக் களைக்கருவியை ஓட்டலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றிக்கொண்டால் செலவும் குறையும்.

கேழ்வரகை மட்டும் போடாமல், எட்டு வரிசைக்கு ஒரு வரிசை அவரையும் துவரையும் மாற்றி மாற்றிப் போடலாம். வரப்பு ஓரம் ஆமணக்கு. இது தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்த முறைதான். கேழ்வரகு அறுவடை முடிந்ததும் கார்த்திகை, மார்கழியில் அவரை காய்க்கும். தை, மாசியில் துவரை வரும். அறுவடை வேலை ஒரே வாரத்தில் குவியாது. வாரச் சந்தைக்குக் கொண்டுபோகும் அவரைக்காய்க் காசு பெரும்பாலும் பெண்கள் கையில் நிற்கும். மழை ஏமாற்றினாலும் மூன்றில் ஒன்று கைகொடுக்கும்.

முதல் வருஷமே முழு நிலத்தையும் மாற்ற வேண்டாம். விளைச்சல் கொஞ்சம் குறைய வாய்ப்பு உண்டு. 50 சென்டில் ஆரம்பித்து, அடுத்த வருஷம் கூட்டிக்கொள்ளலாம்.

விதையை வெளியில் வாங்க வேண்டிய அவசியமில்லை. நிலத்தின் நடுப்பகுதியில், நோயில்லாத, நன்றாக முற்றிய கதிர்களை அறுவடைக்கு முன்பே அடையாளம் வைத்துத் தனியாக எடுக்க வேண்டும். கேழ்வரகை நன்றாகக் காயவைத்தாலே பூச்சி அதிகம் வராது. துவரையைச் செம்மண் கரைசலில் புரட்டிக் காயவைத்துச் சேமித்தால் வண்டு அண்டாது. தெலங்கானாவில் ஜஹீராபாத் பகுதியின் தலித் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, சிறுதானியம், பயறு வகைகளுக்கு ஊர் விதை வங்கிகளை நடத்துகிறார்கள். அவர்களோடு வேலை செய்யும் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டிக்கு 2019-ல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. ஒரு படி வாங்கினால் இரண்டு படி திருப்பித் தருவது என்ற ஏற்பாட்டை எந்த மகளிர் குழுவும் தொடங்கலாம்.

கடைசியாக, பட்டா. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டில் நிலப்பிடிப்பு உள்ளவர்களில் பெண்கள் சுமார் 14 சதவிகிதம்தான். கூலிக்கும் சொந்த நிலத்திலும் பாடுபடும் பெண்கள் அதைவிடப் பல மடங்கு. ஆனால், பி.எம். கிசான் 6,000 ரூபாய் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்குத்தான் வரும். அதற்காக எல்லாக் கதவும் மூடியிருப்பதாக நினைக்க வேண்டாம். குத்தகைதாரர்களுக்கும் உழவர் கடன் அட்டை வழங்க விதி இருக்கிறது. 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால், நிலப் பத்திரம் இல்லாமலும் வங்கியில் பயிர்க்கடன் கேட்கலாம். கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் இப்படித்தான் குழுவாக நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார்கள்.

மாமனாரிடம் பேசி, சாகுபடி செய்வது மருமகள்தான் என்று எழுதி வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து அடங்கலில் பதியச் சொல்ல வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல் தேவை. பெயர் பதிந்திருந்தால்தான், மழை பொய்த்த வருஷம் இழப்பீடு கேட்டு நிற்க இடம் இருக்கும். மாமனார் நல்ல மனதோடு இருக்கும்போதே பட்டாவைப் பற்றியும் பேசி வைப்பது நல்லது.

2026-ஆம் ஆண்டைச் சர்வதேசப் பெண் விவசாயி ஆண்டு என்று ஐ.நா. அறிவித்திருக்கிறது. ஊரில் விழா நடக்கிறதோ இல்லையோ, ஆடிப் பட்டத்துக்குள் மூன்று வேலையை முடித்துவிடலாம்: சாக்கில் கனஜீவாமிர்தம், பானையில் விதை, அடங்கலில் பெயர்.