படம் போடுமுன் அந்தத் தாயைக் கேட்டீர்களா?

வாசகர்களே, தோட்டப்புற இந்தியர்களின் குடிப்பழக்கம் என்று ஒரு கட்டுரை வந்தால் அதன் மேலே என்ன படம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கால்வாய் ஓரம் கைலி விலகிக் கிடக்கும் ஒருவர், பக்கத்தில் சம்சு போத்தல். போதைப்பொருள் என்றால் ஊதா நிற லோக்காப் சட்டை, கைவிலங்கு, குனிந்த தலை. மற்றவர்கள் போடுவது இருக்கட்டும். நம் இனத்தின் உரிமைக்காகப் பேசும் பக்கங்களும் அதே படத்தைத்தானே எடுத்து ஒட்டுகின்றன?

சுங்கை லாலாங்கில் இருப்பவர்களுக்குப் பீடோங் பக்கத்து ஊர். அங்கே ஹார்வர்ட் தோட்டத்தில் 1946 வாக்கில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படையைத் திரட்டினார். தோட்ட மக்களைக் கள்ளிலிருந்து மீட்பது அதன் முக்கிய வேலை. 1947இல் கள்ளுக்கடை மறியல் போலீசோடு மோதலாகி, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கள் விற்க உரிமம் கொடுத்தது காலனி அரசு. எதிர்த்து நின்றவர்கள் நம் பால்மரத் தொழிலாளர்கள். ஆனால் குடி என்றதும் நம் கண்முன் வருவது மறியலுக்கு நின்றவரா, விழுந்து கிடப்பவரா? இந்தக் கெடா வரலாற்றை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

லோக்காப் சட்டைக்கு வருவோம். ரிமாண்டில் இருப்பவர்மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. குற்றச்சாட்டே இல்லாமல் வீடு திரும்புபவர்களும் உண்டு. படம் மட்டும் இணையத்திலேயே கிடக்கும். போதையை விட்டு, சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கேட்டுப் போகும்போது அது முன்னால் போய் நிற்கும். 18 வயதுக்குக் கீழ் என்றால் படத்தை வெளியிடுவதையே 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு தடுக்கிறது. அது தெரியாமலா பகிர்கிறோம்?

சிங்கப்பூரில் 42.72 கிராம் ஹெராயினுக்காக 2009இல் கைதான நம் நாட்டு நாகேந்திரன் தர்மலிங்கம், 27 ஏப்ரல் 2022 அன்று தூக்கிலிடப்பட்டார். அந்நாட்டுச் சிறையில் ஒரு வழக்கம் உண்டு. தூக்குக்கு முன், குடும்பம் கொண்டுவரும் நல்ல உடையை உடுத்தவைத்துப் படம் எடுத்து, வீட்டாரிடம் கொடுப்பார்கள். கொடுமையான வழக்கம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: தூக்கில் போடுகிற சிறையே ஒருவனை மகனாகவும் அண்ணனாகவும் நிற்கவைத்துப் படம் எடுக்கிறது. நாமோ விலங்கு மாட்டிய படத்தைத் தேடுகிறோம்!

அப்படியானால் மனதை உலுக்கும் படமே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் குகன் இறந்தபோது, காயங்கள் நிறைந்த அவர் உடலின் படங்களை வெளியே கொண்டுவந்தது குடும்பமே. நுரையீரலில் நீர் கோத்தது என்ற முதல் அறிக்கையை ஏற்க மறுத்து, இரண்டாவது பிரேதப் பரிசோதனை வரை போனார்கள். 2013இல் உயர்நீதிமன்றம் போலீசையும் அரசையும் பொறுப்பாக்கியது. அந்தப் படம் இல்லாவிட்டால் யார் நம்பியிருப்பார்கள்? அது காட்டியது குகனின் குற்றத்தை அல்ல, அவருக்குச் செய்யப்பட்டதை. காட்டலாம் என்று முடிவெடுத்ததும் அவர் வீட்டார்.

எனவே அடுத்த முறை எழுதும்போது அந்தப் பையனின் அம்மாவையோ அக்காவையோ கேளுங்கள். எந்தப் படம் போடலாம் என்று அவர்கள் சொல்வார்கள். எதுவும் வேண்டாம் என்றால் நீதிமன்றக் கட்டடத்தின் படம் போதும்.