மடக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா?

பிரயாணம் கிளம்பினால் பிளாஸ்க், துண்டு, மடக்குக் கத்தி மூன்றும் என் பையில் கட்டாயம் இருக்கும். பழம் நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, எல்லாவற்றுக்கும் அந்தக் கத்திதான். அதுவே சென்ற கோடை விடுமுறையில் என் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் விரலைப் பதம் பார்த்துவிட்டது.

ரயிலடி வாசலில் பளபளப்பைப் பார்த்து மயங்கி வாங்கிய எவர்சில்வர் கத்தி அது. ஒரே மாதத்தில் மழுங்கிவிட்டது. 'மழுங்கல் கத்திதானே, குழந்தை கையில் கொடுத்தால் என்ன?' என்று அசட்டையாக இருந்தேன். ரயிலில் அவள் கொய்யாக்காய் நறுக்கப் போக, கத்தி இறங்கவில்லை. அழுத்தினாள். வழுக்கியது, அதோடு மடங்கியும் விட்டது. ஆள்காட்டி விரலில் மூன்று தையல்! கூரான கத்தியைவிட மழுங்கல் கத்திதான் பொல்லாதது என்று அன்றுதான் உறைத்தது.

ஊர் திரும்பியதும் சாணை பிடிப்பவரிடம் காட்டினேன். "பாத்திரத் தகட்டுல கத்தி பண்ணியிருக்காங்கம்மா. எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் என் தம்பிதான் விவரமாக விளக்கினான்.

இரும்போடு கொஞ்சம் கார்பன் சேர்ந்ததுதான் எஃகு. பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைக்கும்போது அதை இறுக வைப்பது இந்தக் கார்பன்தான். துருப்பிடிக்காமல் காப்பது குரோமியம். நல்ல தட்டு, டம்ளர் செய்யும் எவர்சில்வரில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருக்கும். கார்பன் மிகச் சொற்பம். அது துருப்பிடிக்காது, ஆனால் எத்தனை காய்ச்சினாலும் இறுகாது. பிறகு கூர் எப்படி நிற்கும்?

அந்தத் தகட்டில் காந்தம் ஒட்டாது. கத்திக்கேற்ற ஸ்டீலில் ஒட்டும். ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். ஒட்டாவிட்டால் வாங்காதீர்கள். ஒட்டிவிட்டது என்பதற்காகவே உயர்ந்த கத்தி என்றும் நினைத்துவிடாதீர்கள்!

நம் அரிவாள்மனை போல, குரோமியம் அதிகம் சேராத கார்பன் ஸ்டீலிலும் மடக்குக் கத்தி உண்டு. கூர் அருமையாக வரும். ஆனால் எலுமிச்சை, மாங்காய் பட்டால் கறுக்கும். ஈரம் பட்டால் துருவேறும். அரிவாள்மனையை உடனே துடைத்து வைத்துவிடுகிறோம். மடக்குக் கத்தியிலோ தண்ணீரும் பழச்சாறும் கீல் இடுக்கில் போய்த் தங்கிவிடும். அங்கே துணி நுழையாது. அதனால் வெளியூர் போக எடுத்துச் செல்ல, குரோமியத்தோடு போதிய கார்பனும் சேர்ந்த ஸ்டெயின்லெஸ் ரகம்தான் நமக்குச் சரி.

சில கத்திகளில் ரக எண் பொறித்திருக்கும். 420 என்றால் சிரிக்காதீர்கள். அதுவும் ஒரு ரகம்தான். கார்பன் குறைவு, சீக்கிரம் மழுங்கும், சுலபமாகத் தீட்டலாம். 440 ரகத்தில் ஏ, பி, சி என்று கார்பன் ஏறிக்கொண்டே போகும். 440 சி-யில் ஏறக்குறைய 1 சதவீதம். கூர் நெடுநாள் நிற்கும். தீட்டத்தான் பொறுமை வேண்டும். பழம் நறுக்குவதற்கு 440 ஏ தாராளமாகப் போதும். எண் எதுவானாலும் பட்டறையில் சரியாகக் காய்ச்சாவிட்டால் பிரயோசனம் இல்லை.

இன்னொன்று. விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியாகவே பார்த்து வாங்குங்கள். உபயோகித்த பின் கழுவித் துடைத்து, விரித்தபடியே உலரவிட்டு, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

தப்பித் தவறி விரலில் பட்டுவிட்டால் காப்பிப் பொடியை அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.

இப்போதெல்லாம் கடையில் முதலில் காந்தத்தை நீட்டுவது என் பெண்தான். அவள் விரல் தழும்பைப் பார்க்கும்போது எனக்குத்தான் இன்னும் சுருக்கென்கிறது.