தவறணைக்கும் ஒரு வரலாறு உண்டு

இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில், கோட்டைப் பாறையின் அடிவாரத்தில், ‘ட்ரிப் டு ஜெருசலேம்’ என்ற பழைய மதுச்சாலை இருக்கிறது. அதன் சுவரில் 1189 என்று ஆண்டு பொறித்திருக்கிறார்கள். சிலுவைப் போருக்குப் புறப்பட்டவர்கள் அங்கே தாகம் தீர்த்துச் சென்றார்களாம். இன்றுள்ள கட்டடம் 17ஆம் நூற்றாண்டினது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதனால் கூட்டம் குறைந்துவிடவில்லை. உள்ளே தூசி மண்டிய சிறு கப்பலுருவம் ஒன்றுண்டு. அதைத் துடைத்தவர்கள் மாண்டுபோனார்கள் என்ற கதையையும் பீரோடு சேர்த்தே பரிமாறுகிறார்கள்.

கதை சொல்வதில் நாமொன்றும் இளைத்தவர்களல்லர். புத்தூர் நிலாவரைக் கிணறு இராமபிரானின் அம்பு பட்டுத் தோன்றியது என்போம். அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்போம். ஆனால் அதே மண்ணின் கள்ளுத் தவறணையைப் பற்றிப் பேச மட்டும் நமக்குக் கூச்சம்.

பெருநிறுவனங்களின் வாயு ஏற்றிய பீர் பெருகியபோது, பீப்பாயிலேயே நொதிக்கும் பழைய பீரைக் காக்க 1971இல் இங்கிலாந்தைச் சேர்ந்த நால்வர் ஓர் இயக்கம் தொடங்கினர். அந்தப் பீரைப் போலவே கள்ளும் உயிருள்ள பானம். காலையில் இறக்கியது மாலையில் வேறு சுவை, மறுநாள் புளிப்பு. போத்தலில் அடைத்துச் சூடாக்கியது ஊர்விட்டு ஊர் போகும், உண்மைதான். ஆயினும் பனையோலைப் பிளாவில் நுரையோடு ஏந்திக் குடித்தவர் அதைக் கள்ளென்று ஒப்பமாட்டார்.

நமது கூச்சத்திற்குக் காரணம் ஒழுக்கம் என்று சொல்வது பாதி உண்மை. மதுவால் குடும்பங்கள் சீரழிவதை நான் மறுக்கவில்லை. எனினும் சாராயப் போத்தலுக்கு இல்லாத இழிவு, அதைவிட வீரியம் மிகக் குறைந்த கள்ளுக்கு ஏன்? மீதிப் பாதி சாதி. பிளாவில் கள்ளை வாங்கிய அதே கை, அதை இறக்கியவருக்குச் சிரட்டையில்தான் தண்ணீர் வார்த்தது. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் அவர்கள் போராடித்தான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது. குத்தகைக்காரரை அண்டியிருந்த தொழிலாளருக்குப் பின்னர் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் ஓரளவு பிடிமானம் தந்தன.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அரசே நடத்தும் கடையிலோ மற்ற மதுவெல்லாம் கிடைக்கும். இங்கே அந்தக் கோணல் இல்லை. பின் ஏன் தவறணை தகரக் கொட்டிலாகவே கிடக்க வேண்டும்? நிலாவரை பார்க்க வருபவர் நிழலில் அமர்ந்து, பொரித்த மீனோடு ஒரு பிளா அருந்தித் தவறணைக் கதையும் கேட்டுப் போகலாமே. கள் இறக்கியவரின் பெயரைச் சுவரில் எழுதுங்கள். நொட்டிங்காமில் ஆண்டை எழுதிய அளவு பெரிய எழுத்திலேயே எழுதுங்கள். வரும் பணத்தில் முதற்பங்கு, மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடப்பவரின் வீட்டுக்குப் போகட்டும்.