அந்தமான் சுற்றுலா: ஐந்து நாளுக்கு இரண்டு இடம் போதும்

நம் சங்கத்தின் சுற்றுலாக் குழு வரும் ஜனவரிக் கடைசியில் குடும்பங்களுடன் அந்தமான் சென்றுவர யோசித்து வருவதும், ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் அட்டவணை வாங்கி உறுப்பினர்களின் பார்வைக்கு அனுப்பியிருப்பதும் அன்பர்கள் அறிந்ததே. நல்ல முயற்சி. கொல்கத்தாவில் வாழும் நம்மில் பலருக்குப் பயணம் என்றால் கோடை விடுமுறையில் ஊருக்குப் போவது ஒன்றுதான். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில் என்று ஓடிவிட்டுத் திரும்புகிறோம். நம் பிள்ளைகள் கடலையும் காட்டையும் நிதானமாகப் பார்த்ததில்லை. பூஜா விடுமுறையை விட்டு ஜனவரியைத் தேர்ந்ததும் சரியே. அந்தமானில் மே முதல் நவம்பர் வரை இரண்டு பருவமழையும் பெய்யும். அக்டோபரில் கடல் கலங்கியிருக்கும்.

ஆனால் அந்த அட்டவணையைப் பார்த்ததும் எனக்கு நெருடியது. நான்கு இரவு, ஐந்து பகல், பதினோரு இடங்கள்! ரயில்வே டைம்டேபிளில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஓடும் நேரத்தை மட்டும் கணக்கிடுவதில்லை. பாதை வேலைகளுக்காக ‘இன்ஜினியரிங் அலவன்ஸ்’ என்றும், தாமதத்தைச் சரிக்கட்ட ‘ரெக்கவரி டைம்’ என்றும் சில நிமிடங்கள் சேர்ப்பார்கள். அவை இல்லாத டைம்டேபிள் காகிதத்தில் அழகாக இருக்கும். முதல் நாளே குலையும். கைக்குழந்தை முதல் எழுபது வயதுப் பாட்டி வரை நாற்பது பேர், படகையும் காற்றையும் நம்பிப் போகிற பயணத்தில் ஒரு மணி நேரங்கூட உபரி இல்லை என்றால் என்ன ஆகும்?

என் யோசனை இதுதான். ஐந்து நாளில் ஒரு நாள் பவளப்பாறை, ஒரு நாள் மழைக்காடு. நடுவில் ஒரு நாள் வெறுமனே இருக்கட்டும். போகும் நாளையும் திரும்பும் நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதல் நாள் காலை விமானத்தில் போய் ஸ்ரீ விஜயபுரத்தில் இறங்குகிறோம். நாம் போர்ட் பிளேர் என்று சொல்லிப் பழகிய ஊருக்கு 2024 முதல் இதுதான் பெயர். அன்று மாலை செல்லுலார் சிறையை மட்டும் பார்த்தால் போதும்.

இரண்டாம் நாள் பவளப்பாறை. ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் வண்டூர் இருக்கிறது. 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் வாசல் அது. பதினைந்து தீவுகள் அடங்கிய அப்பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டை மட்டும் பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். மழையில்லாத மாதங்களில் ஜாலி பாய். வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. நாற்பது பேருக்குச் சீட்டு கிடைக்கும் நாள் எது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகே விமான டிக்கெட் எடுப்பது புத்திசாலித்தனம். நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கண்ணாடித் தளப் படகில் புடவை நனையாமல் பாட்டிமார் பவளத்தைப் பார்க்கலாம். தீவில் பிளாஸ்டிக்குக்குத் தடை, கடைகண்ணியும் கிடையாது. நம் எவர்சில்வர் தூக்கும் வாழையிலையில் கட்டிய புளியோதரையும் அங்கேதான் பெருமை பெறும்!

மூன்றாம் நாளை நான் காலியாக விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்று பலத்தால் படகு விடமாட்டார்கள். அப்படி ஆனால் இரண்டாம் நாள் வேலையை மூன்றாம் நாளுக்குத் தள்ளலாம். பவளத்தை முதலில் வைத்தால்தான் இந்த வசதி. கடைசி நாளுக்கு வைத்தவர் கடலைக் கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இளைஞர்கள் யாராவது சிலிண்டர் கட்டி ஆழத்தில் மூழ்கினால், அதன்பின் ஒரு நாளாவது கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பதும் விதி. எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டால் மூன்றாம் நாள் கடற்கரையில் உட்காரலாம்; முருகன் கோயிலுக்குப் போகலாம். அவ்வூரில் நம் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு பேசினாலே ஒரு பொழுது இனிமையாகக் கழியும்.

நான்காம் நாள் மழைக்காடு. சாத்தம் துறையிலிருந்து ஃபெர்ரியில் பாம்பூ பிளாட் போய், அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் மவுண்ட் ஹேரியட் தேசியப் பூங்கா. 2021 முதல் மவுண்ட் மணிப்பூர். உயரம் 400 மீட்டருக்குள்தான். நம் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னைமரம், கடல், கலங்கரை விளக்கம் எல்லாம் இருக்குமே, அந்தப் படம் இந்தப் பக்கத்துக் காட்சிதான். காட்டுக்குள் நடந்தால் வெயில் தரையில் விழாது. பலகை வேர் விரித்த கர்ஜன் மரங்களும் படாக் மரங்களும் அண்ணாந்து பார்க்க வைக்கும். ஈரமிருந்தால் அட்டை கடிக்கும். முழுக்கால் சட்டையும் உப்புப் பொட்டலமும் போதும்.

கர்ஜன் மரம் எனக்குப் பழைய சிநேகிதம். பதப்படுத்திய கர்ஜன் மரத்தை ரயில் பாதைக்கு ஸ்லீப்பராகப் போட்டிருக்கிறார்கள். சாத்தம் துறையை ஒட்டியே 1883-ல் தொடங்கிய அரசு மர அறுவை ஆலை இருக்கிறது. அதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். காடு தந்த மரத்தின் மேல்தான் நம் ரயில்கள் ஓடின என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம் வேறு. பாதையில் ஜல்லிக்குள் சேறு புகுந்தால் தண்ணீர் வடியாது, பாதை உட்கார்ந்துவிடும். ஆகவே பக்கத்துச் சரிவில் புல்லும் மரமும் நிற்க வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். கடலிலும் அதே கதைதான். மலையில் மரத்தை வெட்டினால் மழையில் மண் கரைந்து கடலுக்கு வரும். வண்டல் படிந்தால் பவளம் மூச்சடைத்துச் சாகும். நடுவில் நின்று அந்த மண்ணைப் பிடித்து வைப்பவை அலையாத்திக் காடுகள். வண்டூரிலிருந்து படகு போகும் வழியில் இரு கரையிலும் அவற்றைப் பார்க்கலாம். காடும் பவளமும் இரண்டு ‘பாயிண்ட்’ அல்ல, ஒரே பொருள். பதினோரு இடத்துக்கு ஓடுகிறவனுக்கு இது கண்ணில் படாது.

பவளம் கல் அல்ல, உயிர். சின்னஞ்சிறு பிராணிகள் கூடிக் கட்டிய வீடு அது. பாறை போன்ற வகைகள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. கடல்நீர் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடிப் பல வாரம் நீடித்தால், உள்ளே வாழ்ந்து உணவும் நிறமும் தரும் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது நேர்ந்தது. 2004 டிசம்பர் சுனாமியை உண்டாக்கிய பூகம்பத்தில் வட அந்தமானில் நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்து மடிந்தன. இத்தனைக்கும் பிறகு மிஞ்சியிருப்பதன் மேல் நாம் காலை வைத்து நிற்கலாமா? ஒரு துண்டைக்கூட ஞாபகார்த்தமாக எடுத்து வரக்கூடாது. புலிக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு பவளத்துக்கும் 2001 முதல் உண்டு. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

அட்டவணையிலிருந்து இரண்டு இடங்களை எடுத்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒன்று ஹேவ்லாக், அதாவது இன்றைய ஸ்வராஜ் தீவு. அழகான இடம்தான், ஆனால் போகவர ஃபெர்ரிக்கும் ஜெட்டி வரிசைக்குமாக ஒரு பகல் போய்விடும். ஏழு நாள் உள்ளவர்கள் போகட்டும்.

மற்றது பாராடாங் குகை. அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதிக்குள் ஓடுகிறது. அவர்கள் சில நூறு பேரே. 2002-லேயே உச்ச நீதிமன்றம் அச்சாலையை மூடச் சொன்னது. ஆனாலும் போலீஸ் காவலுடன் வண்டிகள் அணிவகுத்துப் போகின்றன. 2012 ஜனவரியில் வெளிவந்த ஒரு வீடியோவில் ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைத்ததைப் பார்த்து உலகமே முகம் சுளித்தது. ‘குகையைப் பார்க்கத்தானே போகிறோம்’ என்று சிலர் சொல்வார்கள். வழியில் எல்லாக் கண்ணும் சன்னலுக்கு வெளியே எதைத் தேடும் என்பது நமக்குத் தெரியாதா? நம் வீட்டு வாசல் வழியாகத் தினமும் நூறு வண்டி நம்மை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனால் நாம் சம்மதிப்போமா?

‘இவ்வளவு செலவு செய்து இரண்டே இடமா?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பதினோரு இடத்திலும் போட்டோ மிஞ்சும், இரண்டு இடத்தில் நின்று பார்த்தால் விஷயம் மனதில் மிஞ்சும். செலவும் குறையும். மிச்சமாகும் பணத்தில், வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாலு பேரைக் கூட அழைத்துச் செல்லலாமே!

சுற்றுலாக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் இந்த அட்டவணையையும் வைத்து உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கும்படி வேண்டுகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் இதே பக்கத்தில் எழுதினால் மகிழ்ச்சி.