கதிரை மாறும்போது



"இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன" என்று நம் பெண்கள் சொல்ல எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். புதிய பிரதமர் பதவியேற்றார் என்று வானொலியில் செய்தி போகும். முகத்துவாரத்தில் எங்கள் ஒழுங்கையில் அதற்காக எந்த வீட்டிலும் அடுப்பு அணைவதில்லை. "அவையள் தங்களுக்குள்ள கதிரையை மாத்திக்கொள்ளுகினம், எங்களுக்கென்ன?" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் வன்னியில் இருந்து வந்தவர். கணவர் எங்கே என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அக்கா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆளும் கட்சி தன் தலைவரை மாற்றும்போது நம்மிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் மாற்றிய பிறகு வருகிற விளைவு நம் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறது. ஆகவே இந்த மாதம், நமது நாட்டில் பிரதமர் கதிரை எப்படிக் கைமாறியிருக்கிறது, அப்போது நம்மைப் போன்றவர்களின் காரியங்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

தந்தைக்குப் பின் மகன்

முதற் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க 1952 மார்ச்சில் காலிமுகத்திடலில் குதிரையில் இருந்து விழுந்து, மார்ச் 22ஆம் திகதி காலமானார். ஐக்கிய தேசியக் கட்சியில் அடுத்த நிலையில் இருந்தவர் சேர் ஜோன் கொத்தலாவல. கதிரை தனக்கே என்று அவர் எதிர்பார்த்திருந்தார். ஆனால் மகாதேசாதிபதி சோல்பரிப் பிரபு அழைத்தது மகன் டட்லி சேனாநாயக்கவை. மார்ச் 26ஆம் திகதி டட்லி பதவியேற்றார். அன்றைய முறைப்படி, பாராளுமன்றத்தில் பெரும்பான்மை உள்ளவர் என்று கருதப்படுபவரை மகாதேசாதிபதி அழைப்பார். வாக்காளரிடம் கேட்டது அதன் பின்னர், அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில்தான்.

அடுத்த ஆண்டே சமையலறைக்கு அடி விழுந்தது. 25 சதமாக இருந்த ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலை 70 சதமாக்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச உணவும் நிறுத்தப்பட்டது. 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. ஒக்டோபரில் டட்லி பதவி விலக, சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானார். கதிரையில் இருந்தவரை இறக்கியது கட்சிக் கூட்டம் மட்டும் என்று சொல்ல முடியாது. அரிசிப் பானையும் சேர்ந்துதான் இறக்கியது.

ஒரு விதவை பிரதமரான கதை

1959 செப்டெம்பர் 25ஆம் திகதி பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க கொழும்பில் தமது வீட்டில் வைத்துச் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். ஆளும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியில் அவருக்கு அடுத்தவரான சி.பி. டி சில்வா அப்போது சுகவீனமுற்று வெளிநாட்டில் சிகிச்சையில் இருந்தார். ஆகவே கல்வி அமைச்சராக இருந்த டபிள்யூ. தஹநாயக்க பிரதமரானார். சில மாதங்களுக்குள் அமைச்சர்கள் பலரை அவர் நீக்கினார். கட்சியை விட்டே வெளியேறித் தனிக்கட்சி தொடங்கினார். 1960 மார்ச் தேர்தலில் காலித் தொகுதியில் தானே தோற்றுப்போனார்.

அந்த மார்ச் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. டட்லி அமைத்த அரசாங்கம் ஏறத்தாழ ஒரு மாதத்தில், ஏப்ரல் 22ஆம் திகதி, பாராளுமன்றத்தில் தோற்றது. அதைத் தோற்கடிக்க வாக்களித்தவர்களில் தந்தை செல்வாவின் தமிழரசுக் கட்சியினரும் இருந்தார்கள். தமிழ் மக்களின் கோரிக்கைகள் குறித்துச் சுதந்திரக் கட்சித் தலைவர்கள் தமக்கு உறுதி தந்தார்கள் என்று அவர்கள் பின்னர் சொன்னார்கள். அந்த நேரத்தில் சுதந்திரக் கட்சிக்குத் தலைமை தாங்கியவர் சி.பி. டி சில்வா.

மே மாதம் கட்சி, மறைந்த தலைவரின் மனைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவைத் தலைவியாகத் தெரிவுசெய்தது. வெள்ளைச் சேலையோடு அவர் மேடை மேடையாகப் போனார். கணவரின் பதிவு செய்யப்பட்ட குரலைக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்தார்கள். அவரை "அழும் விதவை" என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஜூலை 20ஆம் திகதித் தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களை வென்றது. மறுநாள் அவர் பிரதமரானார். அவர் எந்தத் தொகுதியிலும் போட்டியிட்டிருக்கவில்லை. செனட் சபையின் மூலமே பாராளுமன்றத்துக்குள் வந்தார். உலகத்திலேயே முதற் பெண் பிரதமர் என்ற பெருமை இலங்கைக்குக் கிடைத்தது.

சகோதரிகளே, இங்கே கொஞ்சம் நிற்போம். நம்மில் பலரும் விதவைகள். கணவரைக் கொலைக்குப் பறிகொடுத்து, மூன்று பிள்ளைகளோடு நின்ற ஒரு பெண் நாட்டின் கதிரையில் அமர்ந்தார் என்றால், நம் துயரம் அவருக்கு விளங்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது என்ன? 1961 ஜனவரியில் தனிச் சிங்களச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பெண்களும் பெருந்தொகையாக அங்கே வந்து அமர்ந்தார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் பிரகடனமானது. தலைவர்கள் கைதானார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி அவர் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் செய்த ஒப்பந்தம் 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை தருவதென்றும் சொன்னது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன.

அவரைக் கடிந்துகொள்வதற்காக இதை எழுதவில்லை. ஆண்கள் நிறைந்த கட்சியை நடத்திக் காட்டிய திடமான பெண் அவர். 1970இலும் 1994இலும் மீண்டும் பிரதமரானார். 2000 ஒக்டோபர் 10ஆம் திகதி, தேர்தலில் வாக்களித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் காலமானார். நான் சொல்ல வருவது இதுதான்: கதிரையில் இருப்பவரின் கண்ணீர் நமது கண்ணீரைத் துடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கட்சி கொடுத்த வாக்கு, கட்சியின் தலைமை மாறியதும் காற்றோடு போய்விட்டது. 75 ஆசனங்கள் கிடைத்த பிறகு தமிழரசுக் கட்சியின் கை அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தலைமையை விட்டுக்கொடுத்த சி.பி. டி சில்வாவே 1964 டிசம்பரில் சிலருடன் எதிரணிக்குப் போய், ஒரே ஒரு வாக்கால் அந்த அரசாங்கத்தைக் கவிழ்த்தார்.

சொல்லும் சட்டமும்

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர் என்று அதில் பெண்களும் பலர். அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டார். நல்ல வார்த்தைதான். ஆனால் வெளியேற்றத்தை நிறுத்தியது, மறுநாளே உயர் நீதிமன்றம் கொடுத்த இடைக்காலத் தடையுத்தரவு. யாரோ ஒருவர் மனுவை எழுதி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனதால்தான் அது வந்தது.

2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக நியமித்தார். 51 நாட்கள் நாட்டில் யார் பிரதமர் என்ற இழுபறி. அலுவலகங்களில் எந்த அமைச்சருக்கு எழுதுவது என்றே தெரியாத நாட்கள் அவை. அமைச்சர் ஒருவரின் பெயரைப் போட்டு எழுதிய கடிதத்தோடு ஒரு தங்கச்சி அப்போது என்னிடம் வந்தார். "அவர் இப்ப இல்லை, புதிசா எழுதிக்கொண்டு வாங்கோ" என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வவுனியாவில் இருந்து இரவு பஸ்ஸில் வந்தவர் அவர்.

ஆனால் அதே ஒக்டோபரில் பாராளுமன்றம் நிறைவேற்றியிருந்த 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க, இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டம் அந்த 51 நாட்களிலும் அழியவில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. உறவைத் தேடுகிறவர்கள் மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஆள் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறவும் 2016இல் வழி செய்யப்பட்டது. 2019 நவம்பரில் புதிய ஜனாதிபதி வந்தார். அலுவலகங்களில் தலைவர்கள் மாறினார்கள். அலுவலகங்கள் மூடப்படவில்லை.

சட்டம் இருந்துவிட்டால் எல்லாம் சரியா? இல்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மாரில் பலர், பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். அந்த அலுவலகங்களில் நம்பிக்கை இல்லை என்று சொல்லும் தாய்மாரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சட்டத்தில் எழுதப்பட்டது தட்டுவதற்கு ஒரு கதவாகவாவது நிற்கும். தலைவர் மேடையில் சொன்னது, அவர் இறங்கியதும் போய்விடும்.

இப்போதைய முறை

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, பாராளுமன்றத்தின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று ஜனாதிபதி கருதுகிறாரோ அந்த உறுப்பினரையே அவர் பிரதமராக நியமிக்கிறார். ஜனாதிபதிப் பதவி இடையில் வெறுமையானால் பாராளுமன்றம் இரகசிய வாக்கெடுப்பில் ஒருவரைத் தெரிவுசெய்யும். கோட்டாபய ராஜபக்ச விலகிய பின், 2022 ஜூலை 20ஆம் திகதி அப்படித்தான் நடந்தது. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134 வாக்குகள், டளஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுரகுமார திசாநாயக்கவுக்கு 3. கோடிக்கணக்கானவர்களுக்கு ஜனாதிபதியைத் தெரிந்தவர்கள் 219 பேர். இரண்டு நாள் கழித்து தினேஷ் குணவர்தன பிரதமரானார். அன்று 3 வாக்குகள் பெற்றவரே 2024 செப்டெம்பரில் மக்கள் வாக்கால் ஜனாதிபதியானார். அவர் பிரதமராக நியமித்தது கலாநிதி ஹரிணி அமரசூரியவை. நாட்டின் மூன்றாவது பெண் பிரதமர். சிறிமாவோ, அவரது மகள் சந்திரிகா ஆகிய இருவருக்கும் பின், அரசியல் தலைவர் ஒருவரின் மனைவியாகவோ மகளாகவோ இல்லாமல் அந்தக் கதிரைக்கு வந்த முதற் பெண். அந்த நவம்பர்த் தேர்தலில் கொழும்பு மாவட்டத்தில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளைப் பெற்றார். மகிழ்ச்சிதான். ஆனால் 1960 நமக்குச் சொன்ன பாடத்தை வைத்துக்கொண்டே மகிழ்வோம்.

நாம் செய்யக்கூடியவை

கதிரை யாருக்கு என்று முடிவுசெய்யும் அறையில் நமக்கு இடமில்லை. ஆனால் நம் கையில் சில காரியங்கள் இருக்கின்றன.

மனு எழுதும்போது ஆளின் பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதுங்கள். "செயலாளர்", "பிரதேச செயலாளர்" என்று போட்டால், ஆள் மாறினாலும் கடிதம் செல்லும்.

கொடுத்த ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி ஒன்றை எடுத்து, அதில் திகதி முத்திரையும் பதிவு இலக்கமும் வாங்குங்கள். கோவையைக் காணவில்லை என்று சொன்னால் அந்தத் தாள்தான் பேசும்.

ஒருவர் உதவி தருவதாகச் சொன்னால், "இது எந்தச் சட்டத்தில், எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது?" என்று பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் தேர்தல் முடியுமட்டும்தான் அதன் ஆயுள்.

உங்கள் கோவைக்கு என்ன நடந்தது என்று தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அலுவலர் தீர்மானிக்க வேண்டும்.

கடைசியாக, இளம் சகோதரிகளுக்கு ஒன்று. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத இடம் சட்டத்தில் ஒதுக்கப்பட்டு, 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை அங்கே பெண்களைக் காண்பதே அரிது. விதவைகளும், தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களும் அங்கே போய் அமர வேண்டும். கட்சிக்குள் இருப்பவர்கள்தான் கட்சியின் தலைவரைத் தெரிவார்கள். அந்த அறைக்குள் நம்மவர்கள் போவதற்கு முதற்படி நம் ஊர்ப் பிரதேச சபைதான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "அப்ப என்ர கடிதத்தையும் பதவிக்கே எழுது பிள்ளை" என்றார். உங்கள் கோவைகள் எங்கே நிற்கின்றன, எந்த இடத்தில் தடங்கல் என்று எனக்கு எழுதுங்கள். வரும் மாதம் அவற்றில் இருந்தே பேசுவோம்.