அழிவை அழகா போட்டோ எடுக்கலாமா?

கறுத்த நிலம். அதன் நடுவே ஆரஞ்சும் சிவப்புமாக ஓடும் ஆறு. பார்த்ததும் எரிமலைக் குழம்பு என்றுதான் தோன்றும். ஆனால், அது எரிமலை இல்லை. கனடாவின் சட்பரியில், தாதுவிலிருந்து நிக்கலைப் பிரித்தெடுத்த பிறகு வெளியேற்றிய கழிவு. அதிலுள்ள இரும்பு துருப்பிடிப்பதால்தான் அந்த நிறம். கனடா போட்டோகிராபர் எட்வர்ட் பர்ட்டின்ஸ்கி 1996-ல் எடுத்த படம் இது.

என்ன சிக்கல்?

படம் செம அழகு. லைக் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடலாம். அழிவை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது. ஆனால், அழகாக இல்லாத படத்தை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள் என்பதும் நிஜம். தப்பு அழகில் இல்லை. எங்கே, எப்போது, எதனால் என்ற விவரம் இல்லாமல் படத்தை மட்டும் சுற்றவிடுவதில்தான் இருக்கிறது.

ஒரு படம் போதுமா?

போதாது. பனிப்பாறையை ஒருமுறை படம் எடுத்தால் பனி மட்டும்தான் தெரியும். அது உருகிப் பின்வாங்குவது தெரியாது. அதனால் அமெரிக்க போட்டோகிராபர் ஜேம்ஸ் பேலாக், 2007 முதல் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்காவில் கேமராக்களைப் பொருத்தி, ஒரே கோணத்தில் தொடர்ந்து படம் எடுக்க வைத்தார். அவற்றை வரிசையாக ஓட்டியபோது மாற்றம் கண்ணெதிரே தெரிந்தது.

நாம என்ன செய்யலாம்?

இதற்குக் கிரீன்லாந்து போகவேண்டாம். சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் தலமானது. அங்கே பூநாரையை மட்டும் ஜூம் செய்தால் சொர்க்கம் மாதிரி இருக்கும். கொஞ்சம் விலக்கி எடுத்தால் பெருங்குடி குப்பைமேடும் சுற்றியுள்ள கட்டடங்களும் ஃபிரேமுக்குள் வந்துவிடும். இரண்டுமே உண்மைதான். இரண்டாவது படம்தான் முழுசா சொல்கிறது.

உங்கள் ஊர் ஏரிக்கும் இதே கணக்குதான்:

• வருஷா வருஷம் அதே மாதம், அதே இடத்தில் நின்று எடுங்கள்.

• ஃபில்டர் வேண்டாம். கலரைக் கூட்டினால் நம்பகத்தன்மை போச்சு.

• லொகேஷனை ஆன் செய்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தேதி, இட விவரம் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

பத்து வருஷம் கழித்து, “இங்கே ஏரியே இருந்ததில்லை” என்று யாராவது சொல்லலாம். அன்றைக்கு எத்தனை லைக் வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. தேதியோடு ஒரு படம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.