வீட்டுப் பயிற்சி: எந்த வீட்டில், யாருடைய நேரத்தில்?

“வீட்டுலயே தினமும் பயிற்சி குடுங்கம்மா.” வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தையோடு போகும் தாய்க்கெல்லாம் கிடைக்கும் அறிவுரை இது. தவறான அறிவுரை அல்ல. உட்கார, நடக்க, பேச அன்றாடப் பயிற்சி வேண்டும். நம் கேள்வி வேறு: எந்த வீட்டில்? யாருடைய நேரத்தில்?

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை சுற்றுச்சுவர் சரிந்து, உறங்கிய வீடுகளிலேயே 17 தலித்துகள் இறந்தார்கள். தீண்டாமைச் சுவர் என்றோம். உயிருக்கே காப்பில்லாத அத்தகைய வீடுகளைத்தான் சிகிச்சைக்கூடமாக மாற்றச் சொல்கிறார்கள். தாயோ விடியுமுன் துப்புரவு வேலைக்கோ தோட்டக் கூலிக்கோ ஓடுகிறவர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய 35 கிலோமீட்டர் கோவைக்குப் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. குழந்தை தேறாவிட்டால் “இவங்களுக்கு அக்கறையே இல்லை” என்ற பழி. அந்த ‘இவங்க’ யாரென்று நமக்குத் தெரியும். அவருடைய தூக்கமின்மையும் முதுகுவலியும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படியைச் சொல்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை வரும் தெருவுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் வர முடியாதா?

காலனி அங்கன்வாடியில் வாரந்தோறும் பயிற்சியாளர் வேண்டும். சிகிச்சைக்குப் போகும் நாளுக்குக் கூலி வேண்டும். பராமரிப்புக்கு மாதச் சம்பளம் வேண்டும்.

தோழர்களே, தாயின் தியாகத்தைப் பாராட்டிக் கைதட்டுவதை நிறுத்துவோம். அது தியாகமல்ல, கூலி மறுக்கப்பட்ட உழைப்பு. சாதிச் சுவரை எதிர்த்த அதே குரலில் இதையும் கேட்போம்.